டெம்பல்ஹோஃப் வெற்றிடம் அல்ல

பெர்லினில் வாடகை கழுத்தை நெரிக்கும்போது, நகரின் நடுவே முந்நூறு ஹெக்டேர் புல்வெளி எதற்கு என்று கேட்கிறார்கள். வாடகைச் சுமை உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டெம்பல்ஹோஃப் 'சும்மா கிடக்கிறது' என்பதை ஏற்கவே முடியாது.

2008இல் மூடப்பட்ட விமான நிலையம் அது. நெருக்கியடித்து வாழும் நொய்க்கோல்ன் பகுதி மக்களுக்கு அதுவே முற்றம். தோட்டமில்லாத வீட்டுப் பிள்ளைகள் பழைய ஓடுபாதையில்தான் சைக்கிள் பழகுகிறார்கள். கோடை இரவுகளில் சுற்றியுள்ள தெருக்களைக் குளிர்விப்பதும் அந்தத் திறந்தவெளிதான். வானம்பாடிகள் அங்கே தரையில் கூடு கட்டுகின்றன.

'ஓரங்களில் மட்டும்தானே வீடு கட்டப் போகிறோம்' என்கிறார்கள். 2014இலும் இதையே சொன்னார்கள்: ஓரங்களில் சுமார் 4,700 வீடுகள். அந்த ஆண்டு மே 25 வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் மேலானோர் கட்டுமானமே வேண்டாம் என்றனர், அது சட்டமுமானது. பிடிக்காத தீர்ப்பை மறுபடி மறுபடி கிளறுவது என்ன ஜனநாயகம்?

வாடகைதாரர்மேல் உண்மையான அக்கறை இருந்தால் 2021 வாக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். 3,000க்கு மேல் வீடுகள் வைத்திருக்கும் பெருநிறுவனங்களின் குடியிருப்புகளைப் பொதுவுடைமையாக்கப் பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். முதலில் அதை நிறைவேற்றுங்கள்.