மேடைப் புகை

மேடையில் மிதப்பதைப் புகை என்கிறோம். உண்மையில் அது பனி: சூட்டில் ஆவியான கிளிசரினும் நீரும் காற்றில் குளிர்ந்து துளிகளாகின்றன. கடைத் திரவம் விலை அதிகம் என்று, ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து வீட்டிலேயே தயாரிக்கிறார்கள் பலர்.

எந்தக் கிளிசரின் என்பதுதான் கேள்வி. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகளைப் பலிகொண்டது, டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்த தொழிற்சாலைக் கிளிசரின். அங்கே வயிற்றுக்குப் போனது. இங்கே நுரையீரலுக்குப் போகும். மருந்துத் தரக் கிளிசரினாகவே இருந்தாலும், சூடு மிஞ்சினால் அக்ரோலின் கிளம்பிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டும் வேண்டாம். அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு.

மிச்சம் பிடிப்பவர் விழா அமைப்பாளர். சுவாசிப்பவர்கள் முன்வரிசைக் குழந்தைகள்.