ஹைட்டி கிராமமும் சபையார் பணமும்

கிறிஸ்தவ சபையார் ஒரு ஏழை நாட்டுக்குப் பணம் கொண்டு போனார்கள் என்றவுடன், நம்மவர்களில் சிலர், "இது மதம் மாற்றுகின்ற தூண்டிலே தவிர வேறென்ன?" என்று கேட்டுவிட்டு அவ்வளவோடு நின்று விடுகிறார்கள். வேறு சிலரோ, கொடுப்பதெல்லாம் புண்ணியமே என்று கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். இரண்டுமே யோசனையற்ற பேச்சு என்பதுதான் நமது அபிப்பிராயம். கொடுப்பவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்பதைவிட, அந்தப் பணம் எப்படிச் செலவாக வேண்டுமென்று தீர்மானிப்பவன் யார் என்பதே முக்கியமான கேள்வியாகும். ஹைட்டி தேசத்துச் சங்கதியைப் பார்த்தால் இது விளங்கும்.

அடிமைகளாயிருந்த கருப்பு மக்கள் 1791-ல் கிளர்ச்சி செய்து, 1804-ல் தாங்களே விடுதலை பெற்ற நாடு அது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு நஷ்டஈடு வேண்டுமென்று, 1825-ல் பிரெஞ்சு அரசன் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்கு கேட்டான். அது பின்னர் 9 கோடியாகக் குறைந்தும், அதற்காகப் பட்ட கடன் பல தலைமுறைகளை உறிஞ்சிற்று. ஆகவே அம்மக்கள் ஏழைகளானது தலைவிதியால் அல்ல.

சபையின் யோக்கியதையையும் பார்ப்போம். 1941, 42-ல் கத்தோலிக்கப் பாதிரிமார் சர்க்கார் துணையோடு, மூடநம்பிக்கையை ஒழிப்பதாகச் சொல்லி, கிராமத்தாரின் வோடூ மத முரசுகளையும் பூசைப் பொருள்களையும் அழித்தார்கள். மூடநம்பிக்கை ஒழிய வேண்டுமென்பவர்கள்தான் நாமும். ஆனால், ஒரு பூசாரி சர்க்கார் பலத்தைக் கொண்டு மற்றொரு பூசாரியை விரட்டுவது பகுத்தறிவாகுமா? அதனால் குடியானவனுக்கு ஒரு எழுத்தாவது தெரிந்ததா?

மதம் பேசாத நிபுணர்கள் மாத்திரம் மேலா? பன்றிக் காய்ச்சலைத் தடுப்பதற்கென்று, அமெரிக்கப் பணத்தில், 1983-க்குள் நாட்டுப் பன்றிகள் அனேகமாய் யாவும் கொல்லப்பட்டன. குடியானவனுக்குப் பன்றியே பாங்கி. பிள்ளையின் பள்ளிச் சம்பளம் அதை விற்றுத்தான். பதிலுக்கு வந்த சீமைப் பன்றிகளோ விலைகொடுத்து வாங்கிய தீனி கேட்டன. தன் வயிற்றுக்கே இல்லாதவன் பன்றிக்கு எங்கே வாங்குவான்?

இனி, ஹின்ச் பட்டணத்துக்கு அருகிலுள்ள பாப்பாய் என்னும் இடத்தைப் பாருங்கள். ஷாவான் ழான் பாப்டிஸ்ட் என்னும் விவசாய நிபுணர் 1973-ல் தொடங்கிய குடியானவர் இயக்கம் அங்கே வளர்ந்தது. ஒருவர் நிலத்தில் எல்லோரும் கூடி உழைக்கின்ற "கொன்பிட்" அந்நாட்டின் பழைய வழக்கம். இயக்கத்தாரும் சிறு குழுக்களாகக் கூடி, மரம் நடுவதையும், மண்ணரிப்பைத் தடுப்பதையும் தாங்களே பேசி முடிவு செய்தார்கள். 2010 ஜனவரி 12-ந் தேதி பூகம்பத்தில் வீடிழந்து தலைநகரிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அவர்கள் புதுக் குடியிருப்புகள் அமைத்தபோது, அமெரிக்காவிலுள்ள யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சேவைக் கமிட்டி முதலியவை பண உதவி செய்தன. பணம் வெளியாருடையது, யோசனை கிராமத்தாருடையது. அதே ஆண்டில் மான்சாண்டோ கம்பெனி இனாமாகக் கொடுத்த விதையை வேண்டாமென்று, ஊர்வலம் போய்க் கொளுத்திக் காட்டியவர்களும் இவர்களேயாவர். வேண்டாததை மறுக்கத் தெரிந்தவன் பிச்சைக்காரனல்லன்.

ஆகையால் உதவி செய்யப் புறப்படும் எந்தச் சபையாரையும் நாம் கேட்பது இதுதான்: கணக்கைக் கிராமத்தார் முன் வைப்பீர்களா? ஜெபத்துக்கு வராதவன் வீட்டுக்கும் தண்ணீர் போகுமா? நீங்கள் போன பிறகும் வேலை நடக்குமா? ஆம் என்றால் தாராளமாய் வரட்டும். இல்லையென்றால், அது தர்மமல்ல. பணம் கொடுத்து மனிதனை வாங்கும் வியாபாரமேயாகும்.