களம் இழந்த கலைஞர்

எக்கலைக்கும் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று, ஆடுதற்கு ஒரு களம். மற்றொன்று, கண்டு மகிழ்தற்கு ஓர் அவை. குரலினிமையும் கூர்த்த மதியும் ஒருவரிடம் நிறைந்திருக்கலாம். கேட்பார் இல்லையேல் அவை காட்டில் எறித்த நிலவாய்க் கழியும். முற்காலத்தே கோயில் முற்றமும் ஊர் மன்றமும் களமாயிருந்தன. பின்னர் நாடகக் கொட்டகைகள் எழுந்தன. வானொலியும் திரையரங்கும் தொடர்ந்தன. இந்த நூற்றாண்டிலோ, உள்ளங்கை அளவினதாகிய கைப்பேசியே களமும் ஆயிற்று, அவையும் ஆயிற்று.

அங்ஙனம் அமைந்த களங்களுள் டிக்டாக் என்பது ஒன்று. சீன நாட்டு நிறுவனமாகிய பைட்டான்ஸ் உருவாக்கிய இச்செயலி, 2018ஆம் ஆண்டு முதல் இந்திய நாட்டில் விரைந்து பரவிற்று. தொடக்கத்தில் 15 நொடியும், பின்னர் 60 நொடியும் ஓடும் காணொளிகளை அதில் பதியலாம். தமிழ் உள்ளிட்ட 14 இந்திய மொழிகளில் அது இயங்கிற்று. 2020ஆம் ஆண்டின் நடுவில் இந்நாட்டில் ஏறத்தாழ 20 கோடிப் பேர் அதனைப் பயன்படுத்தினர் என்பர்.

இத்துணைப் பேரை அஃது ஈர்த்தமைக்குக் காரணம் யாது? பிற தளங்களில் ஒருவர் பதிவது, பெரும்பாலும் அவரை முன்னரே அறிந்தவர்க்கே சென்று சேரும். டிக்டாக்கோ, புதிதாக வந்த காணொளியை முன்பின் அறியாத சிலர்க்கு முதலில் காட்டும். அவர்கள் அதனை முழுதும் கண்டால் மேலும் பலர்க்குக் காட்டும். இடையிலே தள்ளிவிட்டால் அத்துடன் விட்டுவிடும். பதிந்தவர் எவ்வூரார், என்ன படித்தவர், ஆங்கிலம் அறிவாரா என்று அது வினவியதில்லை. ஆதலின் தறியில் அமர்ந்திருந்தவரும், களத்துமேட்டில் நெல் தூற்றியவரும், அடுக்களைப் பணி முடித்த இல்லத்தரசியும், சமூகம் ஒதுக்கிவைத்த திருநங்கையரும் ஒரே நாளில் பல்லாயிரவர் முன் தோன்ற முடிந்தது. இவர்களுக்கு அதற்குமுன் எந்தக் கொட்டகையின் கதவும் எளிதில் திறந்ததில்லை.

அங்கே விளைந்தவை எல்லாம் நன்மணிகள் அல்ல, பதரும் மிகுதி. திரைப்பட வசனத்திற்கு வாயசைத்தலையே கலை என்று கருதினோர் பலர். அதனினும் எளிய கலை உலகில் உண்டோ என்பது ஐயமே! இருப்புப்பாதையில் நின்றும் ஓடும் வண்டியில் தொங்கியும் உயிரைப் பணயம் வைத்தோரும் உளர். சிறுவர்க்கு ஒவ்வாத காட்சிகள் பரவுகின்றன என்னும் முறையீட்டின்மேல், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3ஆம் நாள் இடைக்காலத் தடை விதித்தது. அதே திங்கள் 24ஆம் நாள் அதனை நீக்கிற்று. அத்தடை நிலவிய நாள்களில், தனக்கு நாள்தோறும் 5 இலட்சம் டாலர் வரை இழப்பு நேர்கின்றது என்றும், 250 பேரின் வேலைக்கு ஊறு வரும் என்றும் அந்நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் கணக்குக் காட்டிற்று. காணொளி படைத்தோர்க்கு நேர்ந்த இழப்பை எண்ணிச் சொல்ல ஒருவரும் இலர். அடுத்த ஆண்டு வந்த பெருந்தடையின்போதும் இந்நிலை மாறவில்லை.

2020 ஜூன் 15ஆம் நாள் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நேர்ந்த மோதலில் இந்திய வீரர் 20 பேர் உயிர் நீத்தனர். இரண்டு கிழமை கழித்து, ஜூன் 29ஆம் நாள் மாலை, நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் அவை ஊறு விளைப்பன என்பது காரணம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இவ்வதிகாரத்தை அரசுக்கு அளித்துள்ளது. அடுத்த நாளே டிக்டாக் இயங்காது நின்றது. 2021 சனவரியில் தடை நிலையாக்கப்பட்டது.

எல்லையைக் காத்தல் அரசின் முதற்கடன். குடிமக்களைப் பற்றிய செய்திகள் அயலார் கைக்குச் செல்லக்கூடும் என்று அரசு கருதுமாயின், அதனைத் தடுக்கும் உரிமையை மறுத்தல் முறையன்று. ஆனால், களத்தை மூடுவது வேறு. அதில் ஆடியவரின் உடைமையை உள்ளே வைத்துப் பூட்டுவது வேறு. முன்னது தேவையாயிருக்கலாம். பின்னதற்குத் தேவை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

விடுதலைப் போராட்டக் காலத்து நாடக மேடையை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம். நாடகங்களைத் தடுப்பதற்கென்றே ஆங்கில அரசு 1876ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. நாட்டுப்பற்றுப் பாடல்களை மேடையில் பாடியமைக்காகத் தியாகி விசுவநாததாஸ் பலமுறை சிறை புகுந்தார். சிறை மீண்டதும் மேடை ஏறினார். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னையில் மேடையிலேயே உயிர் துறந்தார். அயலாட்சியின் கொடுமை நிலவிய அந்நாளிலும், அவர் மீளும்வரை கொட்டகை நின்றது. அவரைக் கேட்கும் அவை ஊர்தோறும் காத்திருந்தது. டிக்டாக்கில் ஆடியவர் நிலை வேறு. அவரைச் சிறையிட்டார் இலர். அவர்மீது குற்றம் சாற்றினாரும் இலர். ஆயினும் ஓர் இரவில் அவருடைய அவை கலைந்தது.

அவை கலைந்தது என்பதன் பொருளை விளக்குதல் வேண்டும். ஒரு தளத்தில் ஒருவரைப் பத்து இலட்சம் பேர் பின்தொடர்கின்றனர் எனக் கொள்க. அவர்களுடைய இருப்பிடத்தை அவர் அறியார். அவர்களுள் பெரும்பாலோரின் பெயரையும் அறியார். அப்பட்டியல் நிறுவனத்தின் கணிப்பொறியில் இருப்பது. செயலி மூடப்பட்டால், 'இனி இன்ன இடத்திற்கு வருக' என்று அவர்களிடம் சொல்லவும் வழியில்லை. கடைத்தெருவில் கடையை இழந்த வணிகர் அடுத்த தெருவில் கடை விரித்துப் பழைய வாடிக்கையாளரைக் கூவி அழைக்கலாம். இவர்க்கு அதுவும் இயலாது. பொருள்களை விளம்பரம் செய்தும், கடை திறப்பு விழாக்களில் தோன்றியும் இவர்கள் ஈட்டிய வருவாய், பின்தொடர்வோரின் எண்ணிக்கையைப் பற்றி நின்றது. எண்ணிக்கை போயிற்று, வருவாயும் உடன் போயிற்று. அதுவோ பெருந்தொற்றால் ஊர்கள் அடங்கிக் கிடந்த காலம். வேறு தொழில் தேடிப் புறப்படுவதும் எளிதாயில்லை.

மாற்றுக் களங்கள் வந்தனவே என்பாரும் உளர். வந்தன. இன்ஸ்டாகிராம் 2020 ஜூலையிலும், யூடியூப் செப்டம்பரிலும் குறுங்காணொளிப் பகுதிகளை இந்தியாவில் தொடங்கின. மோஜ், ஜோஷ், சிங்காரி முதலிய உள்நாட்டுச் செயலிகளும் முன்வந்தன. சீனக் களம் மூடப்பட்டதால் பெரும்பயன் அடைந்தவை அமெரிக்க நிறுவனங்களே என்பது இதில் ஒரு வேடிக்கை. முன்னரே பெரும்பெயர் பெற்றவர்கள் புதிய இடத்திலும் காலூன்றினர். சிலர்க்குத் திரையிலும் இடம் கிடைத்தது. ஆனால் ஐயாயிரம் பேரும் பத்தாயிரம் பேரும் கண்டு மகிழ்ந்த சிற்றூர்க் கலைஞர், நகரத்தாரும் நடிகரும் நெடுநாள் முன்னரே இடம்பிடித்திருந்த தளத்தில் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியவராயினர். பலர் தொடங்கவே இல்லை. ஆற்றுவெள்ளத்தில் கரையேறியவரை மட்டும் எண்ணிவிட்டு, ஒருவர்க்கும் தீங்கில்லை என்று கூறுதல் நேர்மையான கணக்கன்று.

இதே செயலியைப் பற்றி அமெரிக்க அரசும் இதே அச்சம் கொண்டது. அந்நாடு 2024 ஏப்ரலில் இயற்றிய சட்டம், செயலியின் உரிமையைக் கைமாற்ற 270 நாள் தவணை தந்தது. காணொளி படைப்போர் சிலர் தாமே வழக்காளராகி நீதிமன்றம் ஏறினர். 2025 சனவரி 17ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அவர்கள் தோற்றனர், ஆயினும் அவர்தம் குறை கேட்கப்பட்டது. படைப்புகளை எடுத்து வைக்கவும், தம் அவையினர்க்குப் புதிய இடத்தை அறிவிக்கவும் அவர்களுக்குத் திங்கள் பல இருந்தன. இந்தியாவிலோ, விளக்கம் கேட்கப்பட்டது நிறுவனங்களிடம் மட்டுமே. அதுவும் தடைக்குப் பின்னர்.

எல்லையில் குருதி சிந்திய வேளையில் ஒன்பது திங்கள் காத்திருத்தல் கூடுமோ என்று கேட்கலாம். கூடாது, வேண்டுவதும் அத்துணை நெடுந்தவணை அன்று. புதிய பதிவையும், மக்களைப் பற்றிய செய்தி திரட்டலையும் அன்றே நிறுத்திவிடலாம். உரியவர் தம் பழைய காணொளிகளை எடுத்துக்கொள்ளவும், இறுதியாக ஓர் அறிவிப்பு விடுக்கவும் மட்டும் முப்பது நாள் வாயில் திறந்து வைக்குமாறு ஆணையிடலாம். வீட்டை இடிக்க வருவோரும் குடியிருப்பவர் தட்டுமுட்டுப் பொருள்களை எடுக்கும்வரை பொறுப்பதில்லையா? அரசியலமைப்பின் 19ஆம் உறுப்பு தரும் பேச்சுரிமையும் தொழிலுரிமையும் இணையத்தின் வழியும் செல்லும் என்றும், அவற்றின்மேல் வரும் கட்டுப்பாடு தேவைக்கு மிஞ்சலாகாது என்றும் உச்சநீதிமன்றம் 2020 சனவரியில், காசுமீர் இணைய முடக்க வழக்கில் கூறியுள்ளது. அத்தீர்ப்புக்கும் செயலித் தடைக்கும் இடையே கழிந்தவை ஆறு திங்கள் கூட இல்லை.

அழிந்தவற்றுள் தமிழுக்குரிய பங்கும் ஒன்று உண்டு. கொங்கு நாட்டுப் பேச்சும் நெல்லைப் பேச்சும், தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும், ஒப்பனையும் ஒத்திகையும் இன்றி உரியவர் வாயிலிருந்தே அக்களத்தில் ஒலித்தன. ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக நடந்தார். செல்லரித்தவை போக எஞ்சியவை கிடைத்தன. இக்காணொளிகளைத் தேடிச் செல்வதற்கோ ஊர் இல்லை. தனியே சேமித்து வைத்த சிலரிடம் சில உள்ளன. ஏனையவை, பாடியவர் தாமே திரும்பக் கேட்க விரும்பினும் எட்டாத இடத்தில் போய்விட்டன.