போர்டு இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தலாமா?

“நோ பார்க்கிங்னு போர்டு எங்கேயும் இல்லையே சார்!”

அபராதம் போட வரும் போக்குவரத்து போலீஸாரிடம் பலரும் சொல்லும் முதல் பதில் இதுதான். ஆனால், இந்தப் பதில் சட்டத்தின் முன் நிற்காது. போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கெல்லாம் வண்டியை நிறுத்தக் கூடாது என்பதை, மத்திய அரசின் ‘மோட்டார் வாகனங்கள் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017’ சொல்லிவிட்டது.

அதில் அதிகம் பேருக்குத் தெரியாதது 50 மீட்டர் விதி. சாலைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டர் வரை பார்க்கிங் கூடாது. டீக்கடை, மெடிக்கல் ஷாப், பேக்கரி எல்லாமே தெருமுனையில்தான் இருக்கும். ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்று காரை ஓரங்கட்டுவதும் அங்கேதான். முனையில் ஒரு கார் நின்றால், தெருவுக்குள் திரும்பும் ஓட்டுநருக்கு அதன் மறைவில் நிற்பவர்கள் தெரிய மாட்டார்கள். கார் உயரம்கூட இல்லாத பள்ளிக் குழந்தை, வண்டி வருகிறதா என்று பார்க்கவே சாலைக்குள் இரண்டடி வந்தாக வேண்டும். அந்த இரண்டடிதான் ஆபத்து.

நடைபாதை, ஜீப்ரா கிராஸிங், பஸ் ஸ்டாப் அருகில், பள்ளி, மருத்துவமனை நுழைவாயில், அடுத்தவர் வீட்டு கேட் ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு. ‘மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று கேட்டில் எழுதிவைப்பவர்களுக்கும் ஒரு விஷயம்: வழியை மறிக்கக் கூடாது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, டயரில் கைவைக்க இல்லை. காம்பவுண்ட் சுவரை ஒட்டிய பொதுச்சாலையில் கல்லும் பூந்தொட்டியும் வைத்து இடம்பிடிப்பதும் அப்படித்தான்.

சாலையோரம் இடைவெளி இல்லாமல் மஞ்சள் கோடு போட்டிருந்தால், அதுவே நோ பார்க்கிங் போர்டுக்குச் சமம். போர்டிலும் இரண்டு வகை இருக்கிறது. நீல வட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு குறுக்கே போனால் பார்க்கிங் மட்டும் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் இருந்தால், ஆள் இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. ‘இன்ஜின் ஓடுது, டிரைவர் சீட்ல ஆள் இருக்கு’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

சந்திப்புகளின் நடுவே மஞ்சள் கட்டம் போட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். எதிரே வெளியேற இடமில்லை என்றால், சிக்னல் பச்சையாக இருந்தாலும் கட்டத்துக்குள் நுழையக் கூடாது. நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் அலறுவது பெரும்பாலும் இதை மதிக்காததால்தான்.

2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இதுபோன்ற பொதுவான விதிமீறல்களுக்கு முதல்முறை 500 ரூபாய் வரை, மறுபடி சிக்கினால் 1,500 ரூபாய் வரை அபராதம். தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவும், சக்கரத்துக்குப் பூட்டுப்போடவும் சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் செல்லும் செலவும் வண்டி உரிமையாளர் தலையில்தான்.