சு.ரா.வை ‘ச.ர.’ ஆக்கும் புரோகிராம்

பைத்தான், ஜாவா என்று எந்த மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாலும், ‘கிளாஸ்’ என்ற பாடம் வந்தவுடன் காட்டப்படும் உதாரணம் பெரும்பாலும் கார், நாய், பேங்க் அக்கவுண்ட் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஸ்ட்ரிங் பாடத்துக்கு ‘ஹலோ வேர்ல்டு’. டைப் செய்து பார்த்து முடித்ததும், ‘சரி, இதை வைத்து நான் என்ன செய்வது?’ என்ற கேள்வி எழும். என்னைக் கேட்டால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எழுத வேண்டிய முதல் கிளாஸ், ஒரு தமிழ்ப் பெயரை வாங்கி அதன் இனிஷியலைச் சரியாகத் தரும் கிளாஸ்தான் என்பேன்.

இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை (1908-1957) எடுத்துக்கொள்வோம். ஒழுகினசேரிக்காரர். ‘என்’ என்பது நாகர்கோவில், ‘எஸ்’ என்பது தந்தை சுடலைமுத்து. தமிழில் எழுதினால் நா.சு.கிருஷ்ணன். இப்போது ‘நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன்’ என்ற ஸ்ட்ரிங்கை இடைவெளிகளில் வெட்டி, முதல் இரண்டு துண்டுகளிலும் முதல் கேரக்டரை எடுக்கச் சொல்லுங்கள். வருவது ந.ச.கிருஷ்ணன். ஊரே சு.ரா. என்று அழைத்த எழுத்தாளர் சுந்தர ராமசாமி, இந்தப் புரோகிராமில் ச.ர. ஆகிவிடுவார். பூதப்பாண்டியில் பிறந்த ப.ஜீவானந்தம் மட்டும் தப்பித்துக்கொள்வார், ‘ப’வுக்குக் காலும் இல்லை, கொம்பும் இல்லை என்பதால். சோதனைக்கு அவர் பெயரை மட்டும் போட்டுப் பார்த்தவர், புரோகிராம் சரியாக வேலை செய்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்!

காரணம் இதுதான். யூனிகோடில் நமது 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் கிடையாது. ‘சு’ என்பது ‘ச’ (2970), உகரக் குறி (3009) என்று இரண்டு எண்களாகவே பதிவாகிறது. நாம் ‘கன்னியாகுமரி’ என்று எழுதினால் 7 எழுத்து. பைத்தானிடம் நீளம் கேட்டால் 12 என்கிறது. எஸ்.எம்.எஸ். அனுப்பும்போதும் இந்தக் கணக்குதான் நம் தலையில் விழுகிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 கேரக்டர், தமிழில் 70. அந்த 70-லும் காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும்.

கிளாஸை எப்படி அமைப்பது? பைத்தான் 3-ல் அதற்கு ‘தமிழ்ப்பெயர்’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஏற்றுக்கொள்ளும். உள்ளே ஒரு ஸ்ட்ரிங் இருக்கட்டும். ‘எழுத்துகள்’ என்று ஒரு மெத்தட். அது ஸ்ட்ரிங்கை இடமிருந்து வலமாக ஒவ்வொரு கேரக்டராகப் படிக்க வேண்டும். கேரக்டரின் எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ, 3031 ஆக இருந்தாலோ அது துணை எழுத்து அல்லது புள்ளி. முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடுங்கள். மற்றபடி புது எழுத்து தொடங்குகிறது. அவ்வளவுதான். க்ஷ, ஸ்ரீ இரண்டுக்கும் மட்டும் தனி ஏற்பாடு தேவை. இல்லாவிட்டால் ஸ்ரீதரன் மகனுக்கு ‘ஸ்.’ என்று இனிஷியல் வரும்.

இன்னொரு பொறி ‘கோ’வில் இருக்கிறது. இதன் ஓகாரக் குறியை 3019 என்ற ஒரே எண்ணாகவும் வைக்கலாம். 3015, 3006 என்று இரட்டைக் கொம்பாகவும் காலாகவும் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரு விதமாகப் பதிந்த நாகர்கோவிலை இன்னொரு விதமாகத் தேடினால் கிடைக்காது. ஆகவே ஸ்ட்ரிங் உள்ளே வரும்போதே ‘நார்மலைஸ்’ செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பைத்தானில் இதற்குத் தயாராகவே பங்ஷன் உண்டு.

இதையெல்லாம் கிளாஸ் இல்லாமல் நாலு பங்ஷனாக எழுதினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், இனிஷியல் மட்டும் போதுமென்றால். நாளை உங்கள் ஊர்க் கோயில் வரிப் பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொல்வார்கள். புள்ளியின் எண் 3021, மற்றக் குறிகளைவிடப் பெரியது. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய் நிற்கும். அகரவரிசையோ, நீளமான பெயரைச் சுருக்குவதோ, எழுத்து எண்ணுவதோ, எல்லாமே அந்த ‘எழுத்துகள்’ மெத்தடைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். விதி ஒரே இடத்தில் இருந்தால் திருத்துவதும் ஒரே இடத்தில். காரும் நாயும் சொல்லித்தராத பாடம் இது.

ஒரு விஷயத்தில் மட்டும் கிளாஸுக்கு அதிக புத்தி வைக்காதீர்கள். கடைசிச் சொல்தான் பெயர், முன்னால் இருப்பதெல்லாம் இனிஷியல் என்று அதுவே ஊகிக்கக் கூடாது. தேரூரில் பிறந்த கவிமணியின் தந்தை சிவதாணு. ‘சிவதாணு தேசிகவிநாயகம் பிள்ளை’ என்று கொடுத்தால் ‘சி.தே.பிள்ளை’ என்று வரும். எத்தனை சொற்கள் இனிஷியல் என்பதைப் பெயரைக் கொடுப்பவரே சொல்லட்டும்.

‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவசப் பைத்தான் லைப்ரரியில் எழுத்துகளைப் பிரிக்கும் வேலை ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கிறது. ஆப்பிளின் ஸ்விப்ட் மொழியோ கன்னியாகுமரிக்கு 7 என்றே விடை சொல்லும். வேலைக்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் முப்பது வரிக்குள் முடிகிற இந்த கிளாஸை ஒருமுறை கையால் எழுதியவருக்குத்தான், பிறர் எழுதியதில் எங்கே இடறும் என்பது தெரியும். தமிழக அரசு 2021-ல் பெயரின் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதவேண்டுமென ஆணையிட்டது. பள்ளிப் பதிவேடும் விண்ணப்பங்களும் இன்று கம்ப்யூட்டரில்தானே தயாராகின்றன? கோபாலின் மகள் ‘கோ.’வா ‘க.’வா என்பதை எங்கோ ஒரு புரோகிராமின் ஒரு வரி முடிவு செய்கிறது.

எழுதி முடித்ததும் ஊர்ப் பெயர்களைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். தோவாளை 3, தக்கலை 4, குளச்சல் 5, நாகர்கோவில் 6. நாகர்கோவிலுக்கு 11 என்று வந்தால் ஒட்டும் வேலையே நடக்கவில்லை. 12 வந்தால் நார்மலைஸும் விட்டுப்போயிருக்கிறது.