மாங்காய்க்கு நானோ உறை: நத்தம் வெயிலிலும் சோதிக்க வேண்டும்

நத்தம் வட்டாரத்தில் மாங்காய் ஒரே சமயத்தில் மண்டிக்கு வந்து குவியும்போது விலை இறங்கிவிடுவது விவசாயிகள் அறிந்ததே. பறித்த காய் இன்னும் ஒரு வாரம் தாங்கினால் விற்பவர் கை சற்று ஓங்கும். இதற்கு உதவக்கூடிய பொருள் ஹெக்ஸனால். புல்லை அறுத்ததும் எழும் பச்சை வாசனையில் இதுவும் உண்டு. பழத்தின் செல் சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கும் நொதியை இது அடக்குவதால் பழம் தளர்வது தள்ளிப்போகிறது.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம், கனடாவின் குவெல்ஃப் பல்கலைக் கழகத்துடனும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனத்துடனும் சேர்ந்து 2012 முதல் சில ஆண்டுகள் இதை ஆராய்ந்தது. மரத்தில் தெளிப்பது ஒரு முறை. மற்றொன்று, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளில் ஹெக்ஸனாலை அடைத்துப் பழப்பெட்டிக்குள் வைப்பது. சும்மா ஒரு பஞ்சில் நனைத்து வைத்தால் சில மணி நேரத்தில் ஆவியாகிவிடும். இழைக்குள் அடைபட்ட மூலக்கூறு, சங்கிலி போன்ற பெருமூலக்கூறுகளின் இடைவெளியில் நுழைந்து நுழைந்து மெல்ல வெளிவர வேண்டும்.

இதே தத்துவத்தில் பிளாஸ்டிக் தாளுக்குள் களிமண் தகடுகளைக் கலப்பதும் உண்டு. தகட்டின் கனம் ஒரு நானோ மீட்டர்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குறுக்கே நடக்க முடியாமல் வரப்பு வரப்பாகச் சுற்றிப் போகிறவனைப்போல, காற்றும் நீராவியும் அத்தகடுகளைச் சுற்றித்தான் கடக்க முடியும். நம் கரிசல் மண்ணில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் களிமண்ணே இதற்கும் உதவுகிறது. கரிசல் காட்டுக்காரர் இதைக் கேட்டால் வியப்படைய மாட்டார். ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அம்மண்ணின் குணம் அவருக்குத் தெரியும்.

ஆனால் இந்த நடையின் வேகம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சூடு ஏறினால் மூலக்கூறின் துள்ளல் கூடும். இழையும் நெகிழ்ந்து வழிவிடும். சில வகை இழைகள் ஈரம் பட்டால் ஊறி இன்னும் தாராளமாகத் திறந்துவிடும். மாம்பழக் குளிர் அறையின் வெப்பம் சுமார் 13 பாகை செல்சியஸ். திண்டுக்கல் சமவெளியில் மே மாத நிழலிலேயே 35 பாகையைத் தாண்டுகிறது. தார்ப்பாய் போட்ட லாரிக்குள் கேட்கவே வேண்டாம். பழம் விடும் மூச்சின் ஈரமும் அங்கே சேரும். குளிர் அறையில் பத்து நாள் நின்ற உறை இங்கே இரண்டொரு நாளில் தீர்ந்து போகலாம். அப்போது விவசாயி வாங்கியது வெறும் துணிதான்.

ஆகவே 'நானோ' என்ற சொல்லை மட்டும் அச்சிட்டு விற்பது போதாது. எத்தனை பாகை வெப்பத்தில், எவ்வளவு ஈரப்பதத்தில், எத்தனை நாள் மருந்து வெளிவரும் என்பதை உறையின் மேலேயே தமிழில் போட வேண்டும். விற்பனைக்கு அனுமதிக்குமுன் நத்தம் பக்கத்துக் கொட்டகைகளிலும், சென்னைக்குப் போகும் லாரியிலும், மே மாதத்திலேயே ஆய்வு நடத்த வேண்டும். ஆய்வுக்கூடத்து எண்ணை அப்படியே தோப்புக்குக் கொண்டுவருவது சரியல்ல.

செலவு யாருடையது என்பதையும் பேசிக்கொள்வது நல்லது. தோப்பைப் பூவிலேயே குத்தகைக்கு விட்டவருக்குக் காய் கூடுதல் நாள் தாங்குவதால் வரும் லாபம் சேராது. உறைக்கான பணத்தைக் குத்தகைதாரரே போடட்டும். தாமே விற்கும் விவசாயி, காம்புடன் பறித்து, பால் வடியவிட்டு, நிழலில் காற்றோட்டமான பெட்டியில் அடுக்குவதை முதலில் சரியாகச் செய்யலாம். பிறகு உறை வாங்கினாலும் முதல் பருவத்தில் பத்துப் பெட்டிக்கு மட்டும் வைத்து, உறையில்லாத பத்துப் பெட்டியை அருகிலேயே வைத்து நாள் எண்ணிப் பார்க்கலாம்.