‘சோறு போடாத’ படிப்புகளா?

எஸ்.பி.எம் முடிவு வந்ததும் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் பேச்சு ஒரே திசையில்தான் ஓடும். மருத்துவம், கிடைக்காவிட்டால் பொறியியல், அதுவும் இல்லையென்றால் கணக்கியல். பாலர் கல்வி, வேலையிடப் பாதுகாப்பு, நடனம் என்று ஒரு பிள்ளை வாய் திறந்தால் போதும். “அதெல்லாம் மார்க் வராதவங்க படிக்கிறது, சோறு போடாது” என்று கோயில் கூட்டத்திலேயே தீர்ப்பாகிவிடும். தீர்ப்புச் சொல்பவர்கள் பிள்ளையின் நலம் நினைப்பவர்கள்தான். ஆனால் சொல்வது சரியில்லை.

முதலில் மார்க். உலு பெர்ணமிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம். அங்குள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் பாலர் கல்விப் பட்டம் படிக்க எஸ்.டி.பி.எம் புள்ளி மட்டும் போதாது. ஆசிரியப் படிப்புக்கான மெட்சி தேர்வு எழுத வேண்டும், நேர்முகத்துக்கும் போக வேண்டும். கோலாலம்பூர் அஸ்வாரா கலைக் கழகத்தில் நடனம் படிக்க ஆடிக் காட்டியாக வேண்டும். ஒன்பது ஏ எடுத்தவரும் அங்கே தோற்கலாம்.

“சேப்டி படிச்சு என்ன செய்யப் போற, ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கிற வேலைதானே?” என்பது அடுத்தது. இதைச் சொல்கிறவர்கள் கோலாலம்பூருக்குப் போகும் வழியிலேயே சுங்கை பூலோ இருப்பதை மறந்துவிடுகிறார்கள். 1991 மே 7ஆம் தேதி அங்கே பட்டாசு ஆலை வெடித்து 26 பேர் இறந்தார்கள். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்புக்குக் குறுகிய பயிற்சியே போதும், பட்டம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டுமானத் தளத்துக்கும் இரசாயன ஆலைக்கும் அது போதாது. பதிவு பெற்ற அதிகாரி இருந்தாக வேண்டும். பட்டதாரிக்கு வழி அங்கேதான்.

தோட்டத்துக்குள்ளேயே பார்ப்போமே. மருந்தடிக்கும் பெண் முதுகில் தொட்டியைச் சுமந்து செம்பனை நிரைக்குள் நடப்பாள். காற்று எதிர்த்து வீசினால் மருந்து முகத்தில் விழும். கையுறை கிழிந்தால் வெறுங்கைதான். மூக்கில் இரத்தம் வந்தால் “உடம்புச் சூடு” என்பார்கள். நகம் நிறம் மாறி உதிர்ந்தால் அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். தெனாகானித்தா அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வு வந்த பிறகுதான் இந்தப் பெண்களின் உடல்நலம் ஊர்ப்பேச்சானது. பாராகுவாட் களைக்கொல்லிக்கு அதே ஆண்டு தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020இல்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட காலத்தில் எந்த மருந்தை எவ்வளவு கலக்கிறார்கள், அது உடம்பில் எங்கே படுகிறது என்று அளந்து எழுதத் தெரிந்த ஆள் லயத்தில் இல்லை. இப்படிப்பட்ட ஆளுக்கு வேலை இல்லையாம்!

ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. சுற்றுச்சூழல் சுகாதாரம், பாதுகாப்பு பட்டம் நடத்தும் யு.ஐ.டி.எம் புஞ்சாக் ஆலாம் வளாகம் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பூமிபுத்ரா அல்லாத நம் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவருக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

“பிள்ளை பார்க்க டிகிரி எதுக்கு? ஆயாக் கொட்டகையில வளர்ந்து நாங்க ஆளாகலையா?” அதிகம் கைதட்டு வாங்கும் வாதம் இது. ஆளானவர்கள்தானே பேச வந்திருக்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுப் போவாள். பால்மரம் சீவ உடம்பு ஒத்துழைக்காத வயதான அம்மா ஒருவர், வரிசையாகத் தொட்டில்கள், கீழே தவழ்கிற பிள்ளைகள். அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பிள்ளைக்கு ஒருவர் என்பது கணக்கு. காது சரியாகக் கேட்காத பிள்ளையை, பேச்சு பிந்திய பிள்ளையை மூன்று வயதில் அடையாளம் கண்டால் செய்யக்கூடியது நிறைய. நம் தோட்டங்களில் அது முதலாம் ஆண்டில், “மந்தமான பிள்ளை” என்ற பெயரோடு தெரியவந்தது. பாலர் பள்ளி ஆசிரியர் படித்துத் தெரிந்துகொள்வது பாட்டும் கைதட்டும் மட்டுமல்ல.

இதற்காகத் தலைநகரம் போக வேண்டியதும் இல்லை. 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் பிறந்த தென்னமரம் இருக்கும் பத்தாங் பெர்சுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலர் கல்வி இளங்கலை அங்கேயே உண்டு. “பொம்பளைப் பிள்ளை படிப்பு” என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விருப்பமில்லை.

நடனத்தில் எதிர்த்தரப்புக்குப் பாதி வெற்றி. மேடையை மட்டும் நம்பி வாழ்வது கடினம். உடனே நடனக் கலைஞர் ரம்லி இப்ராஹிமைக் காட்டுவார்கள்: அவர் இயந்திரப் பொறியியல் படித்தவராயிற்றே, வேலைக்கு ஒன்று, ஆசைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் என்ன? அவர் பொறியியல் படிக்கப் போன காலத்தில் இந்நாட்டில் அஸ்வாராவே இல்லை. அதன் முன்னோடியான தேசியக் கலைக் கழகம் பிறந்தது 1994இல். அவருடைய சூத்ரா நடனக் குழுவோ 1983இலேயே தொடங்கிவிட்டது. அவருக்கு வாய்க்காத ஒன்று இன்றைய பிள்ளைக்கு இருக்கும்போது, அவர் சுற்றிவந்த வழியிலேயே போ என்பது என்ன நியாயம்? மேலும், பட்டம் பெற்றவர் ஆடுவதோடு நிற்பதில்லை; கற்பிக்கலாம், நிகழ்ச்சி அமைக்கலாம், ஆவணப்படுத்தலாம். கோயில் மண்டபத்தில் பரதம் சொல்லிக்கொடுப்பவருக்கு முறையான கல்வி இருந்தால் பிள்ளைகளின் முட்டிக்கும் நல்லது.

எதிர்க்கத்தான் வேண்டுமென்றால் வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று, தனியார் பாலர் பள்ளிகள் பட்டதாரிக்குக் கொடுக்கும் சம்பளம். அது குறைவு என்பதை நான் மறுக்கவில்லை; அது முதலாளியோடு போட வேண்டிய சண்டை. மற்றொன்று, அங்கீகாரம் இல்லாத படிப்பை விற்கத் தோட்டம் தோட்டமாக வரும் கல்லூரி முகவர்கள். எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என் கடன் கிடைக்காது, அரசாங்க வேலைக்கும் எடுபடாது. பதிவேடு எல்லாரும் பார்க்கத் திறந்தே கிடக்கிறது. முகவர் விண்ணப்பத்தாளை நீட்டும்போதே கைப்பேசியில் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் தட்டிப் பார்த்துவிடலாம், அவர் எதிரிலேயே.